பாறைக் கடற்பாசிகளும் மாறும் கடலும்: பழனி மலையில் கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலிலும் பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடிப் பக்கமும் கடலைப் பார்க்காமலே கடற்பாசியோடு பழகுகிறவர்கள் நிறையப் பேர். பூண்டுக்கும் கேரட்டுக்கும் தெளிக்கிற பழுப்புத் திரவம் அதிலிருந்து வருகிறது. நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடுகிற இனிப்பும் அதிலிருந்து வருவதுதான். ஆகவே இங்கே எழும் கேள்விகள் கடற்கரை ஊர்களில் எழுபவற்றைவிடச் சற்று வேறாக இருக்கின்றன. மாணவர்களும் விவசாயிகளும் ராமேஸ்வரம் போய்வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும்; சிலவற்றுக்குப் போதாது.

கடற்பாசி ஒரு செடிதானே? மண்ணை விட்டுவிட்டுப் பாறையில் ஏன் வளர்கிறது?

செடியைப் போலவே வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. ஆனால் அதற்கு வேர், பூ, விதை எதுவும் கிடையாது. அடியில் இருப்பது பற்றுறுப்பு. அதன் வேலை பிடித்துக்கொள்வது மட்டும். உப்பும் சத்தும் உடம்பு முழுவதாலும் கடல்நீரிலிருந்து நேராக உறிஞ்சப்படுகின்றன. அதனால் மண் தேவையில்லை. அலை அடித்தாலும் அசையாத ஒரு பிடிமானம் தேவை. மணலில் அது கிடைக்காது, பாறையில் கிடைக்கும்.

பாறையில் இடம் குறைவு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முதலில் வந்தவர் துணியை விரித்துவிட்டால் அடுத்தவர் ஓரம் தேடுவதைப் போல, ஒரு பாசி பரவிவிட்ட இடத்தில் மற்றொன்றின் வித்து (விதை அல்ல, பாசி பரவ உதவும் நுண்துகள்) ஒட்ட முடியாது. கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் கூரிய ஓட்டு உயிர்), சிப்பி, பவளம் எல்லாமே அதே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம். சூழல் மாறும்போது இடப்போட்டியில் யார் வெல்கிறார்கள் என்பதும் மாறுகிறது.

எங்கள் சோலைக்காட்டில் எடுக்கும் கல்பாசியும் இதே வகையா?

இல்லை. மசாலாவில் போடும் கல்பாசி ஒரு பூஞ்சையும் மிக நுண்ணிய பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். காற்றில் வாழ்வது, காற்று மாசுக்கு நடுங்குவது. கடற்பாசியோடு அதற்கு உறவு மிகத் தூரம். ஆனாலும் பாறையில் இடம் பிடிக்கும் கலையில் இரண்டும் தேர்ந்தவை.

பாறையில் பாசிகள் பட்டை பட்டையாக, வேறு வேறு நிறத்தில் இருப்பது ஏன்?

கடல் ஏறி இறங்குவதால். ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளியே தெரியும் பாறையில், மேலே இருப்பவை பல மணி நேரம் வெயிலில் காய வேண்டும்; கீழே இருப்பவை ஒருபோதும் காய்வதில்லை. மேல் பட்டையில் வாழ்பவை இதற்கு ஏற்றாற்போல் அமைந்தவை. நோரி என்று ஜப்பானியர் உண்ணும் சிவப்புப் பாசியின் இனங்கள் சில, உடம்பு நீரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்து காகிதம்போல் மொறுமொறுத்துப்போனாலும், தண்ணீர் பட்டதும் மீண்டும் உயிர்த்துக்கொள்ளும்.

பொது விதி ஒன்று உண்டு. ஒரு பாசி எவ்வளவு மேலே வரை போக முடியும் என்பதைப் பெரும்பாலும் வெயிலும் உலர்ச்சியும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு கீழே வரை பரவ முடியும் என்பதைப் போட்டியாளர்களும் மேய்பவையும் தீர்மானிக்கின்றன. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் முள்காடு, காபித் தோட்டம், சோலை, புல்வெளி என்று வரிசையாகக் கடந்து வருகிறோம் அல்லவா? கடற்பாறையில் அதே மாதிரியான அடுக்கு, இரண்டு மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும். ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் பக்கம் இன்னும் நெருக்கம்: அங்கே ஓத வேறுபாடு, அதாவது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது. அதனால் ஐரோப்பியப் பாடநூல்களில் உள்ள அழகான பட்டைகளை அங்கே தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நம் பாசிகளில் பெரும்பாலானவை எப்போதும் நீருக்கடியில் இருக்கும் கல்லிலும் இறந்த பவளத்திலும் வளர்கின்றன.

கடல் சூடானால் பாசிகள் செத்துப்போகும், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. எல்லோரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். சூடு நேரடியாகக் கொல்வது ஒரு பகுதி. பெரிய மாற்றங்கள் சுற்றுவழியில் வருகின்றன.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் 2011ஆம் ஆண்டு தொடக்கத்தில் கடல்நீர் பல வாரங்கள் வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சூடாகவே இருந்தது. அங்கே கெல்ப் என்னும் பெரும்பழுப்புப் பாசிகள் நீருக்கடியில் காடுபோல நிற்கும். அந்தக் காட்டின் வடக்கு எல்லையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்கு கெல்ப் அழிந்தது. பிறகு கடல் குளிர்ந்தது; காடு திரும்பி வரவில்லை. அந்த இடைவெளியில் பாறையைப் புல்தரைபோன்ற குட்டைப் பாசிகள் பிடித்துக்கொண்டன. சூட்டோடு தெற்கே வந்த வெப்பக்கடல் மீன்கள், முளைத்த இளம் கெல்ப்பைத் தின்று தீர்த்தன. அவற்றில் ஒன்று நம் மீனவர்கள் ஓரா என்று அழைக்கும் மீனின் நெருங்கிய இனம். சூடு கதவைத் திறந்துவிட்டது. காட்டைத் திரும்ப விடாமல் தடுத்தவை புதிதாக வந்து சேர்ந்தவை.

வட கலிபோர்னியாவில் இன்னும் நீளமான சங்கிலி. 2013இல் நட்சத்திர மீன்களுக்கு உடல் கரையும் நோய் வந்தது. உடம்பெங்கும் முள்ளோடு பாசியை மேயும் கடல் முள்ளெலிகளைத் தின்று அடக்கி வைத்திருந்தவை அந்த நட்சத்திர மீன்கள். அவை போனதும் முள்ளெலிகள் பெருகின. 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொள்ள, கெல்ப் தளர்ந்தது. முள்ளெலிகள் மிச்சத்தை மொட்டையடித்தன. அந்தக் கரையின் கெல்ப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. சூட்டை மட்டும் அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் இது விளங்கியிருக்காது.

அப்படியானால் பாறை பச்சையாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ள வேண்டாம். 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. எண்ணெயைக் கரைக்க வீரியமான சோப்பு ரசாயனங்களைக் கொட்டினார்கள். எண்ணெயைவிட அந்த ரசாயனமே பாறை உயிர்களை அதிகம் கொன்றது. பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கூம்புச் சிப்பிகள் கூட்டமாக மாண்டன. விளைவு? சில மாதங்களில் பாறையெங்கும் பளபளவென்று பச்சைப்பாசி, அதன்பின் பழுப்புப்பாசி. தூரத்திலிருந்து பார்த்தால் செழிப்பு. உண்மையில் அது மேய்பவை இல்லாத நிலத்தின் அடையாளம். பழைய நிலைக்குத் திரும்பப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

பழனி மலையின் புல்வெளிகளில் வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம் பரவி நிற்பதைப் பார்த்து, வெளியூரிலிருந்து வருபவர்கள் “எவ்வளவு பசுமை!” என்று வியக்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும்.

சூடு தாங்காவிட்டால் குளிர்ந்த பக்கம் நகர்ந்துவிடலாமே?

பல இடங்களில் நகர்கின்றன. வித்துகள் நீரில் மிதந்து போய் புதிய பாறையில் ஒட்டும்; தலைமுறை தலைமுறையாக எல்லை துருவத்தை நோக்கி நகரும். ஆனால் நம் கடலுக்கு ஒரு சிக்கல் உண்டு. இந்தியப் பெருங்கடல் வடக்கே நிலத்தால் மூடப்பட்டது. வடக்கே போகப் போக வங்கத்தின் சேற்றுக் கழிமுகம் வரும்; பாறையும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. மலையில் சோலை மரங்களுக்கும் இதே கதி. சூடு ஏற ஏற அவை மேலே நகரலாம்; பழனி மலை 2,500 மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது.

வெப்பமண்டலக் கடலின் பாசிகள் ஏற்கனவே தாங்கக்கூடிய சூட்டின் விளிம்புக்கு அருகிலேயே வாழ்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. கொடைக்கானலில் காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி மாறும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு டிகிரியா என்று சிரிக்கத் தோன்றும். கடல்நீர் அப்படி மாறாது. அதில் வாழ்பவை அப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவையும் அல்ல.

தமிழ்நாட்டுக் கடலில் இதெல்லாம் நடந்திருக்கிறதா?

நம்மிடம் கெல்ப் காடு கிடையாது. அதற்கு நம் நீர் மிகச் சூடு. நம் கடலின் பெரிய பழுப்புப்பாசி, மீனவர்கள் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசம். அதோடு பக்கோடா பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி. பெயர்களைப் பார்த்தாலே கடலுக்குள் இறங்கிப் பழகியவர்கள் வைத்தவை என்று தெரியும். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றி இவை செறிந்து வளர்கின்றன. 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அங்கே 2010இலும் 2016இலும் கோடைச் சூட்டில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெளுத்துச் செத்த பவளம் என்பது காலியான பாறை. அதில் முதலில் குடியேறுவது குட்டைப் பாசிகளும், மணிமணியாக இருக்கும் பச்சைப்பாசிகளும். பாசி மூடிவிட்ட இடத்தில் பவளக் குஞ்சு ஒட்டுவது கடினம். பாசியைத் தின்னும் ஓரா, கிளிமீன் போன்றவை போதுமான அளவு இருந்தால் பவளத்துக்கு மீண்டும் வாய்ப்பு கிடைக்கும். அவற்றை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால் கிடைக்காது. அதாவது, அந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்பதை வலையும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கிய செய்தியைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது நாக்டிலூகா என்னும் மிதக்கும் நுண்ணுயிர் பெருகியதால் வந்தது. பாறைப் பாசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெப்சி பாசி பவளத்தைக் கொல்கிறது என்கிறார்களே?

கப்பாஃபைகஸ் என்பது அதன் பெயர். 1984இல் ஜப்பானிலிருந்து ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அந்தக் குளிர்பான நிறுவனம் மண்டபம் பகுதியில் வளர்ப்பை ஊக்குவித்ததால் மக்கள் வாயில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மூங்கில் தெப்பத்தில் கட்டி 45 நாளில் அறுவடை செய்யலாம். ஐஸ்கிரீமையும் சாக்லேட் பாலையும் கெட்டியாக வைத்திருக்கும் காரஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது.

2008இல், அந்த 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவின் பவளங்கள் மேல் இது படர்ந்து மூடியிருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். துண்டு ஒடிந்து மிதந்து போனாலே புதிதாக வளரும் தன்மை உள்ள பாசி இது, அதனால் ஆச்சரியமில்லை. மறுபக்கம், 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாக் நீரிணையில் தெப்பப் பாசி பெருமளவில் நொடித்து, வளர்த்த பெண்களின் வருமானம் போனது. கடல் சூடே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பவளத்தை மூடும் அளவுக்கு வீரியமானதும் சூட்டில் அழுகும் அளவுக்கு மென்மையானதும் ஒரே பாசிதான். என் கருத்தைக் கேட்டால், வாழ்வாதாரமாக இதை வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் பவளத் தீவுகளின் பக்கத்தில் வளர்க்கவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஏன் தயங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

கடல் அமிலமாகிறது என்றால், பாசிகளுக்கு என்ன?

கடல் இன்னும் காரமாகவே இருக்கிறது. அதன் காரத்தன்மை குறைகிறது என்பதே சரி. தொழிற்புரட்சிக்கு முன் பிஎச் 8.2ஆக இருந்தது, இப்போது 8.1ஐ ஒட்டி இருக்கிறது. சிறிய எண்ணாகத் தெரிந்தாலும் அமில அளவில் கால் பங்குக்கும் மேல் கூடுதல்.

கரைந்த கார்பன் கூடுவதால் சில சதைப்பற்றுப் பாசிகளுக்கு லாபம்கூட உண்டு. அடி வாங்குவது சுண்ணாம்பைத் தன் உடம்பில் சேர்க்கும் பாசிகள். பாறையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசியதுபோல் ஒட்டியிருக்கும் ஒரு வகை உண்டு. கவனிக்காமல் மிதித்துவிட்டுப் போவோம். பவளக் குஞ்சுகள் பல அதன் மேல்தான் வந்து அமர விரும்புகின்றன. இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியிலிருந்து இயற்கையாகவே கார்பன் டைஆக்சைடு குமிழியாக வருகிறது. ஊற்றுக்கு நெருங்க நெருங்க இந்தச் சுண்ணாம்புப் பாசிகள் மறைந்து, சதைப்பற்றுப் பாசிகள் மட்டும் நிற்பதை அங்கே நேரில் காண முடிகிறது. இங்கும் பாறை வெறுமையாகவில்லை, ஆள் மாறியிருக்கிறது.

கடல் மட்டம் உயர்வது?

வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது. சரிவான பாறையாக இருந்தால் பட்டைகள் மெல்ல மேலே நகரும். பாறைக்கு மேலே சாலையோ தடுப்புச் சுவரோ இருந்தால் நகர இடமில்லை.

எங்கள் தோட்டத்து உரமும் மண்ணும் வைகை வழியாகப் போய் அங்குள்ள பாசியைக் கெடுக்கின்றனவா?

பழனி மலையின் தென்சரிவில் இறங்கும் வராக நதியும் மஞ்சளாறும் வைகையில் சேர்வது உண்மை. வடசரிவின் ஓடைகள் அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. ஆனால் வைகைத் தண்ணீர் வழியெல்லாம் கண்மாய்களுக்குப் பிரிந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் மட்டும் ஆற்றங்கரை ஊரருகே பாக் நீரிணையைத் தொடும். ஆகவே மன்னவனூர் கேரட் வயலின் யூரியாவை மண்டபத்துப் பாசியின் எதிரியாக நிறுத்துவது நியாயமில்லை. அதனால் முதலில் கெடுவது உங்கள் பக்கத்து ஓடையும் குளமும்.

கடலோரத்தில் கெடுதல் செய்பவை அங்கேயே இருக்கின்றன: ஊர்க் கழிவுநீர், இறால் பண்ணை நீர், அடிமண்ணைக் கலக்கும் இழுவை வலை. சத்து மிகுந்த நீரில் வேகமாக வளரும் உல்வா என்னும் இனத்தைப் போன்ற பச்சைப்பாசிகள் மற்றவற்றை முந்திக்கொள்ளும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் படகுப் போட்டி நடக்கவிருந்த சிங்டாவ் கடலை இதே இனம் பச்சைக் கம்பளமாக மூடியது; ஆயிரக்கணக்கானோர் இறங்கி அள்ள வேண்டியிருந்தது. சேறு படிந்த பாறையில் பாசி வித்து ஒட்டாது என்பது இன்னொரு பிரச்சினை. யார் கண்ணிலும் படாமல் பாசி குறைந்துபோகும் வழி அது.

பறிப்பதால் அழிகிறதா?

வேரோடு பிடுங்குவதுபோல் பற்றுறுப்போடு பறித்தால் ஆம். மரிக்கொழுந்துப் பாசி மெல்ல வளர்வது. அடியை விட்டு நுனியைக் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். ராமேஸ்வரம் தீவில் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கும் பெண்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களே கூடிப் பேசி மாதத்தில் பறிக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் பாதுகாப்புக்காக இயங்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது இந்தப் பின்னணியில்தான். பூங்கா எல்லைக்குள் பறிக்கும் உரிமை பற்றி அவர்களுக்கும் வனத்துறைக்கும் உள்ள இழுபறி தனிக் கதை.

நான் வாங்கித் தெளிக்கும் கடற்பாசித் திரவத்தால் காட்டுப்பாசி குறையுமா?

எதிலிருந்து செய்தது என்பதைப் பொறுத்தது. கப்பாஃபைகஸ் சாறு என்றால் பெரும்பாலும் தெப்பத்தில் வளர்த்தது. சர்காசத்திலிருந்து என்றால் பாறையிலிருந்தோ கரை ஒதுங்கியதிலிருந்தோ வந்திருக்கும். புட்டியில் பாசியின் பெயரைத் தேடிப் பாருங்கள், கடைக்காரரிடம் கேளுங்கள். இது உரத்துக்கு மாற்று அல்ல, வளர்ச்சி ஊக்கி. 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் ஊக்கிகள் கொண்டுவரப்பட்டன. பூண்டுக்கு அடியுரம் போடாமல் இதை மட்டும் தெளித்துவிட்டு விளைச்சல் இல்லை என்று நொந்துகொள்வதில் பொருளில்லை.

கடற்பாசி வளர்த்தால் காலநிலை மாற்றமே நின்றுவிடும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள்.

நிற்காது. கார்பனை உறிஞ்சுவது உண்மை. ஆனால் அறுவடை செய்து ஐஸ்கிரீமில் போட்டால் அந்தக் கார்பன் சில மாதங்களில் காற்றுக்குத் திரும்பிவிடும். சதுப்புநிலக் காடுபோல் தன் அடிமண்ணில் சேமிக்கப் பாறைப்பாசிக்கு அடிமண்ணே இல்லை. ஒடிந்து ஆழ்கடலுக்குப் போய்ப் புதையும் பங்கு மட்டுமே நீண்ட நாள் தங்கும்.

மாற்றம் வந்திருக்கிறது என்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

பழைய பட்டியல்களை வைத்து. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927இல் எழுதிவைத்தார். அவர் பெயர் குறித்த இனம் இன்று அதே இடத்தில் இருக்கிறதா என்று தேட முடிவது அதனால்தான். இப்போது செய்யப்படுவது: பாறையில் ஓர் இடத்தைக் குறித்து, சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே எந்த இனம் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எண்ணுவது. ஒவ்வொரு பருவத்திலும் அதே இடத்துக்குத் திரும்பிப் போவது. ஒருமுறை போய்ப் படம் எடுத்து வருவதால் பயனில்லை. பாசிகளுக்குப் பருவம் உண்டு. கட்டக்கோரை வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் செழித்து, பின் உதிரும். மே மாதத்தில் போய்விட்டு “அழிந்துவிட்டது” என்று எழுதியவர்கள் உண்டு.

சட்டத்தைக் கொடைக்கானலிலேயே பழகலாம். ஒரு மீட்டரில் பாதி நீளமுள்ள நான்கு குச்சிகளைக் கட்டி, ஓடைப் பாறையின் பாசி மீது வைத்து எண்ணிப் பாருங்கள். வெயில் படும் பாறைக்கும் நிழற்பாறைக்கும் வித்தியாசம் உடனே தெரியும்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

இரண்டு நாள் இருந்தால் மதுரை வழியாக மண்டபம். தீவுகளுக்குள் வனத்துறை அனுமதியோடு மட்டுமே போக முடியும். குருசடைக்கு வனத்துறையே படகு விடுகிறது. அலையடிக்கும் உண்மையான பாறைக்கரை வேண்டுமென்றால் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம், கடியப்பட்டணம் பக்கம். அந்த மாவட்டத்தில் சார்னோக்கைட் பாறை நிறைய உண்டு. நம் மலையிலும் காலடியில் கிடப்பது அதே வகைக் கல். ஓத அட்டவணை பார்த்து, வற்றம் தொடங்கும்போது இறங்கி, கடல் திரும்பும் முன் ஏறிவிடுங்கள். பிடியுள்ள பழைய செருப்பு போதும். வெறுங்காலோடு கொட்டலசின் மேல் நடக்க வேண்டாம். புரட்டிய கல்லைப் பழையபடி கவிழ்த்து வையுங்கள். மாதிரிக்குப் பறிக்காதீர்கள், கரை ஒதுங்கியதிலேயே கை நிறையக் கிடைக்கும். அதை நன்னீரில் அலசி, தடித்த தாளில் விரித்து, மேலே மெல்லிய துணி போட்டு அழுத்தி வைத்தால் தன் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானல் ஈரத்தில் காய நாளாகும். அழுத்தும் தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும்.